பங்கரை மூடிய புள்ளிகள்

அம்மா,

இன்று வகுப்பில் மண்ணிறச் சாயப் போத்தலைத் திறந்தேன். ஈரச் சுண்ணாம்பு போன்ற அந்த வாசனை. கை நின்றுவிட்டது. லண்டன் நோர்பரியில் பள்ளியொன்றில் ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறேன். உங்களுக்கு இது தெரியாது.

அந்த வாசனையை முதலில் முகர்ந்தபோது எனக்கு எட்டு வயது. வெம்பிளியில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் மண்டபம். நீங்களும் நானும் லண்டன் வந்து ஒரு வருடம், அப்பா யாழ்ப்பாணத்தில். நூலகத்திலிருந்து வந்த வெள்ளைக்கார மிஸ் அவுஸ்திரேலியப் பழங்குடிகளின் ஓவியங்களைக் காட்டினார். நிலத்தை மேலிருந்து பார்ப்பதுபோல வரைவார்களாம். வட்டம், நீர்நிலை. லாட வடிவம், உட்கார்ந்திருக்கும் ஆள். சுற்றிலும் புள்ளிகள். மண்ணிறச் சாயமும் காது துடைக்கும் பஞ்சுக்குச்சிகளும் தந்து, வீட்டை வரையச் சொன்னார்.

யாழ்ப்பாணத்து வீட்டை வரைந்தேன். கிணறு. வீட்டுக்கு வரும் ஒழுங்கை. குசினிக்குப் பின்னால், குண்டுக்கு ஒளியும் பங்கர். அதற்குள் ஒரு லாடம்: அப்பா.

கூட்டிப்போக வந்த நீங்கள் குனிந்து பார்த்தீர்கள்.

“இதை ஆருக்குக் காட்டினனீ?”

“மிஸ்ஸுக்கு. லைப்ரரியிலை தொங்கவிடப் போறாவாம்.”

“விசரி! குண்டு போடுற பொம்மர்க்காரனுக்கு வழி காட்டுறியோ?”

கோட்டைக்கூடக் கழற்றாமல் சின்னக் கதிரையில் அமர்ந்தீர்கள். குச்சியை எடுத்துப் பங்கரின்மேல் புள்ளி வைத்தீர்கள். புள்ளிமேல் புள்ளி. அப்பா மறையும்வரை.

“வெரி நைஸ், மம்மி!” என்றார் மிஸ். சிரித்தீர்கள். கை நிற்கவில்லை.

அதன்பின் ஆறு வாரம் அப்பாவிடமிருந்து கடிதம் இல்லை. நீங்கள் மூடுவதற்கு முன்பே யாரோ பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன். உங்களிடம் கேட்கவில்லை. கேட்டால் ஓம் என்பீர்களோ என்று பயம். தபால்காரர் வாசல் படலையைக் கடக்கும்போதெல்லாம் யன்னலுக்கு ஓடுவேன். கடைசியில் கடிதம் வந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து வாசித்தீர்கள். “இருக்கிறார்,” என்றீர்கள். அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்தில் படித்தேன்: வெளியார் பார்க்கக்கூடாததை அந்த ஓவியர்களும் புள்ளிகளால் மறைத்ததுண்டாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த உங்களிடம் ஓடிவந்து சொன்னேன். என் பக்கம் திரும்பினீர்கள்.

“அப்ப அந்தச் சனத்தையும் ஆரோ தேடி வந்தவங்கள், என்ன?”

 உங்கள் போர்வையை இழுத்துவிட்டேன். மறுவாரம் நீங்கள் இல்லை.

இன்று பிள்ளைகளிடம் எல்லாம் சொன்னேன். வட்டம், லாடம், புள்ளி. வீட்டை வரையச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. கடற்கரை ஒன்றை வரையச் சொன்னேன். ஆட்கள் வேண்டாம் என்றேன்.

“ஏன் மிஸ்?” என்று ஒருத்தி கேட்டாள்.

நேரம் போதாது என்றேன்.