எதிர்ப்பக்க விளிம்பு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே, அம்மா சௌக்கியம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் நேற்றிலிருந்து ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. இந்த நாலு வரி எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்துபோய் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டேன்.

என் பிழைக்காசுப் பைத்தியம் உனக்குத் தெரியாததல்ல. ஒரே முகம் இரண்டு தரம் அச்சான காசு ஒன்று நான் கண்டக்டராக இருந்தபோது என் பையில் வந்து விழுந்த நாளில் பிடித்தது. நாணயச்சாலையிலேயே நேர்ந்த பிழையா, வெளியே வந்தபின் பட்ட அடியா என்று தொட்டாலே சொல்லிவிடுவேன் என்று ஜம்பம் அடித்துத் திரிந்தவன் நான்.

மூன்று வருஷத்துக்கு முன் உன்னைப் பெண் கேட்டு வந்தவர், எனக்குப் பிடிக்குமே என்று ஒரு காசு கொண்டுவந்தார். (என்ன முறை சொல்லி எழுதுவதென்று தெரியாமல் "அவர்" என்றே எழுதுகிறேன்.) ஓரம் பிறை வடிவில் வெட்டுப்பட்டு, கடித்துவைத்த பிஸ்கட் மாதிரி இருந்தது. லென்ஸைக்கூட நான் எடுக்கவில்லை. அவர் லேத் பட்டறைக்காரர் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. "பட்டறையில ராவி எடுத்துட்டு வந்து எனக்கே காது குத்துறீங்களா?" என்று கேட்டேன். அவர் காசை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டு நீயும் போனாய்.

நேற்று சேகரிப்பாளர் சங்கக் கண்காட்சி. போலி எப்படி இருக்கும் என்று காட்டி நாலு பேரைச் சிரிக்கவைக்கலாம் என்று அந்தக் காசை எடுத்துப்போனேன். மதிப்பிட வந்த பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும். அவள் வெட்டைப் பார்க்கவே இல்லை. காசைத் திருப்பி நேர் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள்.

"வெட்டு யாரு வேணாலும் போடலாம் சார். இந்தப் பக்கம் விளிம்பு மங்கியிருக்கு பாருங்க. அச்சடிக்கிறதுக்கு முன்னாடியே தகடு வெட்டுப்பட்டு வந்தாத்தான் விளிம்பு எழுப்பும்போது எதிர்ப்பக்கம் அழுத்தம் கெடைக்காம இப்படி ஆகும். அரத்தை வெச்சு இதைச் செய்ய முடியாது" என்றாள். அசல் பிழைக்காசாம். விற்கிறீர்களா என்று கேட்டாள். என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே, "காசைத்தான் பாக்கலை, அன்னிக்கு அவரு மொகத்தையாவது பாத்திருக்கலாம்" என்றாள். அதிலிருந்து வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

தப்பு என்னுடையது, மகளே. எனக்கு வெட்கமாக இருக்கிறது. காசைத் தபாலில் அனுப்ப உறையில் போட்டேன், பிறகு எடுத்துவிட்டேன். அதை அவர் கையில் நான்தான் கொடுக்க வேண்டும். ஒரு வரி போடு, அடுத்த பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். வாசலில் நிற்கவைத்தாலும் சரி.

இரண்டு பேரும் நன்றாக இருங்கள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அப்பா