வெள்ளிக்கிழமை டீயும் ஓர் இடது கையுறையும்

பாய்,

மழை விட்டு இரண்டு நாளாக வெயில் அடிக்கிறது. பீரோவைத் திறந்து துணிகளை வெளியே எடுத்துப் போட்டேன். புடவைகளுக்கு அடியிலிருந்து உங்கள் பட்டறைக் கையுறை ஒன்று வந்தது. பழுப்பு ஆட்டுத்தோல், பெண்கள் அளவு, இடது கை மட்டும். கட்டைவிரல் ஓரத்தில் பூஞ்சை. துடைக்கத் துடைக்க இரும்புலியூரில் இருக்கும் என் வீடு முழுக்கப் பம்மலின் தோல் வாசனை. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "இன்னா சிஸ்டர், புதுச் செருப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். விளக்கப் புகுந்தால் அரை நாள் ஆகும்.

மாதிரி ஜோடியில் வலது கை ஐரோப்பாவுக்குப் போகும், இடது கை நம்மிடம் தங்கும். சரக்கு போய்ச் சேர்ந்தபிறகு தையல் கோணல், நிறம் மட்டம் என்று அங்கிருந்து யாராவது முணுமுணுத்தால் இடதை எடுத்துக் காட்டலாம். "இது நம்ம சாட்சி மேடம், பத்திரமா வைங்க" என்பீர்கள். மூன்று பட்டறைகளுக்கும் ஏற்றுமதிக் காகிதம் எழுதிக்கொண்டிருந்தவள் நான். பி.காம். படித்தவள் என்பதற்காகக் கேலியாக ஆரம்பித்த 'மேடம்' கடைசியில் என் பெயராகவே ஆகிவிட்டது.

உங்கள் பட்டறை, செல்வம் பட்டறை, தெருமுனையில் ரஹீம் பாய் பட்டறை. அப்போது நம்மிடம் வாங்கியவர்களும் மூன்று பேர், ஐரோப்பாவில் மூன்று ஊர்க்காரர்கள். பிறகு சீனச் சரக்கு அவர்கள் கடைத்தெருவில் குவிந்தது. எரிவாயு விலை ஏறி அவர்களுடைய சொந்தத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தனித்தனியாக நின்றால் தாங்காது என்று மூவரும் அரசாங்க அனுமதி வாங்கி ஒரே கம்பெனி ஆனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பாடு அவர்களுக்கு. ஆனால் அன்றிலிருந்து நமக்கு ஒரே வாசல், அவர்கள் சொன்னதுதான் விலை.

நீங்கள் மூவரும் போட்டி போட்டு விலையைக் குறைத்தீர்கள். செல்வம் குறைத்தால் ரஹீம் பாய் குறைப்பார், அவர் குறைத்தால் நீங்கள். தைக்கிற பெண்களின் கூலிதான் தேய்ந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து நீங்கள் டீக்கடைக்கு வந்த நேரம், கையெழுத்து வாங்க வந்த நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன். "மூணு பேரும் பேசி ஒரு விலை வைங்க. அதுக்குக் கீழ யாரும் போகாதீங்க." அவ்வளவுதான். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அதுவே வழக்கமானது. அந்த வருடம் கூலி ஏறியது.

அடுத்த வருடம் கம்பெனியிலிருந்து நீளமான படிவம் வந்தது. குழந்தைத் தொழிலாளர் உண்டா, கழிவுநீர் எங்கே போகிறது என்று பல கேள்விகள். நடுவில் ஒன்று: போட்டியாளர்களோடு விலை பற்றிப் பேசுவது உண்டா? மற்றவர்களோடு நல்லுறவு இருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள் போலும் என நினைத்தேன், பாய். 'உண்டு' என்று குறியிட்டேன். அதோடு விட்டேனா? வெள்ளிக்கிழமைதோறும் மூவரும் சேர்ந்து டீ குடித்து, ஒருவரையொருவர் அழிக்காதபடி விலை முடிவு செய்கிறோம் என்று என் நல்ல ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினேன். மூன்று படிவங்களிலும் அதே நாலு வரி. எனக்கு அதில் பெருமை வேறு.

பத்து நாளில் அவர்களுடைய வக்கீல் அம்மா வீடியோவில் வந்தார். உங்கள் பட்டறையில், என் லேப்டாப் முன்னால், நீங்கள் மூவரும் ஸ்டூலில். நான் பக்கத்தில் மொழிபெயர்க்க. அந்த அம்மா கோபப்படவில்லை. இது எங்கள் விதிப்படி பெரிய தவறு, மூவரையும் பட்டியலிலிருந்து எடுக்க நேரலாம், இந்த யோசனை யாருடையது என்று கேட்டார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். செல்வம் தரையைப் பார்த்தார். ரஹீம் பாய் என்னைப் பார்த்தார். நீங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னீர்கள்: "என் ஐடியாதான். இவங்க ரெண்டு பேரும் டீ குடிக்க வந்தவங்க. மேடம், அப்படியே சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மற்ற இருவரையும் எச்சரித்து விட்டுவிட்டார்கள். உங்கள் பட்டறையின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தார்கள். செய்தி வந்த அன்று பேருந்து நிறுத்தம் வரை என்னோடு கூட நடந்து வந்தீர்கள். ஏன் பாய் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "மூணும் மூடறதுக்கு ஒண்ணு மூடட்டும். உங்க பேரச் சொன்னா அவங்க ரெண்டு பேருக்கும் பேப்பர் யாரு எழுதுவாங்க?" என்றீர்கள். கொஞ்ச தூரம் போனதும் நீங்களே சிரித்தீர்கள். "அவங்க மூணு பேர் ஒண்ணாச் சேந்தா கல்யாணம். நாங்க மூணு பேர் ஒண்ணா டீ குடிச்சா குத்தமா மேடம்?"

அதற்குப் பதிலைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். போட்டியாளர்கள் கூடி விலை வைக்கக் கூடாது என்கிற அந்தச் சட்டம் கடையில் கையுறை வாங்குகிறவருக்காக எழுதப்பட்டது. விற்பவர்கள் கூடிப் பேசினால் அவர் ஏமாறுவார் என்பது அதன் கவலை. நியாயமான கவலைதான். தைக்கிற கை அந்தச் சட்டத்தின் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். இப்போது ஐரோப்பாவிலேயே கம்பெனிகள் ஒன்றுசேர்வது பற்றித்தான் சச்சரவு. அமெரிக்காவோடும் சீனாவோடும் மல்லுக்கட்டக் கம்பெனிகள் இன்னும் பெரிதாக வேண்டும், இணைகிற விதியைத் தளர்த்துங்கள் என்கிறது ஒரு கட்சி. பெரிதானால் வைத்ததுதான் விலை என்று ஆகிவிடும் என்கிறது இன்னொரு கட்சி. பேப்பரில் படிக்கும்போதெல்லாம் உங்களிடம் சொல்லத் தோன்றுகிறது. ஆர்டர் போனபிறகு நீங்கள் பெல்ட் தைத்து இரண்டு வருடம் ஓட்டினீர்கள். போன ரம்ஜானுக்கு முன்பே கண்ணை மூடிவிட்டீர்கள்.

சென்ற வாரம் செல்வம் புதுப் படிவத்தோடு வந்தார். அதே கேள்வி. "இன்னா மேடம் போடறது?" என்றார். 'இல்லை' என்று குறியிட்டேன். பொய் இல்லை. ரஹீம் பாய் பட்டறையை மூடிவிட்டு மகனோடு கூடுவாஞ்சேரிக்குப் போய்விட்டார். நீங்கள் இல்லை. வெள்ளிக்கிழமை செல்வம் தனியாகத்தான் டீ குடிக்கிறார்.

கேள்விக்குக் கீழே 'வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால்' என்று வெற்றிடம் விட்டிருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை டீயைப் பற்றிப் பாதி வரி தட்டினேன். செல்வம் என் தோளுக்குப் பின்னால் நின்று, "வாணாம் மேடம். கீற ஆர்டரும் பூடும்" என்றார். அவரிடம் தைக்கிற பெண்களை நினைத்து அழித்துவிட்டேன். அங்கே எழுத முடியாததால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களை நினைத்தால் முதலில் துக்கம் வருவதில்லை, பாய், வெட்கம்தான் வருகிறது. கையுறையைத் துடைத்து, துளி எண்ணெய் தடவி, திரும்பப் பீரோவில் வைத்துவிட்டேன். அந்த வக்கீல் அம்மா கேட்டதை உங்கள் மூவருக்கும் தமிழில் சொன்னேன், நீங்கள் சொன்னதை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். உண்மையான பதில் என்னிடம் இருந்தது. அதை எந்த மொழியிலும் சொல்லவில்லை.

யோசனை என்னுடையது.