வாசலில் விட்ட ஊன்றுகோல்

உன் ஊன்றுகோலின் பிடியில் நான் சுற்றிய சைக்கிள் டியூப் மழை ஈரத்தில் பிசுபிசுத்துப் போய்விட்டது. இன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அதைத்தான் தொட்டேன். ரப்பர் வாசமும் உன் தைல வாசமும் சேர்ந்து உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டன. இன்னும் கை கழுவவில்லை.

எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்பாய். திங்கட்கிழமை அங்குள்ள ஊனச் சான்று ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். உன் ஊனச் சதவீதத்தை மறுபடி பார்க்கச் சொல்லி நாம் போட்ட மனு இப்போதுதான் மேலே வந்ததாம்.

"புதன்கெழம அவங்கள நேர்ல கூட்டிட்டு வந்துருங்க."

"அவ எறந்துட்டாளுங்க."

பேப்பர் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப எறப்புச் சான்று ஒரு காப்பி கொண்டாந்து குடுத்துருங்க, பைலை முடிச்சரலாம்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். மரியாதையில்லாமல் சொல்லியிருந்தால் ஒரு வார்த்தை திட்டியாவது இருப்பேன்.

இந்தக் கோலை நான் மெஷின் பார்க்கும் ஜவ்வரிசி ஆலைப் பட்டறையில் செய்தேன். கடையில் விற்கும் தடிகளின் பிடி உனக்கு ஒல்லி. முடக்குவாதம் வந்த உன் விரல்கள் அவ்வளவு தூரம் மடங்காது. அதனால் ஸ்டீல் பைப்பின் தலையில் டியூபைச் சுற்றிச் சுற்றித் தடிப்பாக்கினேன். அடியில், மோட்டார் அதிராமல் இருக்கப் போடுகிற ரப்பர் புஷ்ஷை மாட்டினேன். நீ ஊன்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மோட்டாருக்குக் குடுக்கற மரியாதைய எனக்கும் குடுத்துட்டீங்களே" என்று சிரித்தாய். டிப்ளமோ படித்து நான் செய்ததில் உருப்படியானது இது ஒன்றுதான்.

முதல் தடவை ஊனச் சான்றுக்குப் போன நாளை நினைத்துப் பார்க்கிறேன். நாற்பது சதவீதம் எழுதினால்தான் உதவித்தொகை. அது வந்தால், என் ஷிப்டைக் கெடுக்காமல் உன் அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மாதாமாதம், மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்குச் சேலம் போய்விடுவதாகச் சொன்னாய். அதுவரை நீயே பரிசோதனை நாளைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாய்.

காலையில் நீ மரக்கட்டை. சுடுதண்ணீரில் கையை முக்கி வைத்து, நான் முழங்காலை நீவி நீவி விட்டு, வெயில் ஏறினால்தான் மனுஷியாவாய். அன்றைக்கு மட்டும் வலி மாத்திரை இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டாய். நம் மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் யாருக்கும் தொந்தரவாக இருக்கக்கூடாதாம். ரோஸ் சீலை, தலையில் கனகாம்பரம். சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் மிளகு விற்கிற அக்கா பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, ஆஸ்பத்திரிக்கா போறீங்க, பொண்ணு பாக்கவா?" என்றாள். நீ சட்டென்று, "இவருக்கு ரெண்டாவது பாக்கறமுங்கக்கா. புடிச்சிருக்கான்னு சொல்ல நானும் போறேன்" என்றாய். பஸ் நிறுத்தமே சிரித்தது.

அதே அக்கா இன்று என்னைப் பார்த்ததும் குனிந்து மிளகைக் கிளறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் கூட வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். நீ மட்டும் உள்ளே போனாய். நான் மரத்தடியில் நின்றேன். திரும்பி வந்தபோது உன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"டாக்டரு தங்கமானவருங்க. 'நடந்தே வந்துட்டியேம்மா, பரவால்லயே'ன்னாரு. ஆமாங்க சார்னேன்."

"வலிக்குதுன்னு சொன்னியா?"

"அவரு கேக்கலீங்களே."

"தடியப் பாத்தாரா?"

"அத வெளியில செருப்போட வெச்சுட்டுப் போனனுங்க. அவ்ளோ பெரிய டாக்டரு. தடிய ஊணிக்கிட்டா முன்னால போய் நிக்கிறது?"

நம் பக்கத்து வழக்கம் எனக்குத் தெரியாததா? கோயிலானாலும் ஊர்ப் பெரியவர் வீடானாலும் செருப்போடு தடியும் வாசலில் நின்றுவிடும். நீ சுவரைப் பிடித்து உள்ளே போய், பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றிருக்கிறாய். அவர்கள் பார்த்தது அந்த நிமிர்வை. துணையின்றி நடக்கிறார், முப்பது சதவீதம் என்று எழுதிவிட்டார்கள். பஸ்ஸில் நான் கத்தினேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பி, "வலி என்ன புதுச் சீலையா, எல்லாருக்கும் காட்டிக்கிட்டுத் திரிய?" என்றாய்.

அந்த மழைக்காலத்தில் சளி பிடித்தது. நெஞ்சுக்கு இறங்கியது. ஜீப்பில் ஏற்றியபோது உன்னால் கோலை ஊன்றவே முடியவில்லை. வாசல் சுவரில் அதைச் சாய்த்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போனோம்.

அந்தச் சதவீதம் கிடைத்திருந்தால் நீ பிழைத்திருப்பாய் என்று நான் சொல்ல மாட்டேன். மெஷின் ஏன் நின்றது என்று பிரித்துப் பார்க்காமல் சொல்லக்கூடாது என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். உன்னைப் பற்றி அப்படிப் பிரித்துப் பார்க்க இப்போது ஒன்றும் மிச்சமில்லை. சந்தேகம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இன்று காப்பியைக் கொடுத்தேன். அத்தனை மாதம் நகராத உன் பைல், நான் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும்போது ஊனம் பார்க்கும் டாக்டர் அறை வாசலைப் பார்த்தேன். ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. பக்கத்தில் சுவரில் சாய்த்த மூங்கில் தடி.

உள்ளே ஓர் அம்மா. நம் மலைக்காரி, கட்டின சீலையிலேயே தெரிந்தது. ஒரு கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. தடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

"ஏப்பா, யாரு நீ? வெளிய போ" என்றார் வாசலில் நின்ற வாட்ச்மேன்.

"இது இவங்க தடிங்க. இது இல்லாம நடக்க மாட்டாங்க. அதயும் பாத்து எழுதுங்க."

அந்த அம்மா பதறிவிட்டாள். "அய்யோ சாமி, டாக்டரு முன்னால வேண்டாஞ்சாமி. வெளிய வெச்சுரு."

"புடிங்கம்மா" என்று அவள் கையில் திணித்தேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை. டாக்டர் தலை நிமிர்ந்து முதலில் என்னைப் பார்த்தார், பிறகு தடியைப் பார்த்தார். அதற்குள் என்னை வெளியே தள்ளிவிட்டார்கள். என்ன எழுதினார் என்று தெரியாது. காத்திருந்து தெரிந்துகொள்ளத் தைரியமும் இல்லை. முப்பது என்று இன்னொரு தடவை கேட்டிருந்தால் நான் அங்கேயே ஏதாவது செய்திருப்பேன்.

நீ பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பாய். "பெரியவங்க முன்னால இப்பிடியா?" என்று என்னைத்தான் திட்டியிருப்பாய். திட்டு.

ஜீப் வந்த நாளிலிருந்து உன் கோல் வாசலிலேயே நனைந்துகொண்டிருந்தது. நீ கடைசியாக விட்டுப் போன இடம் என்று யாரையும் தொடவிடவில்லை. இன்று நானே எடுத்து, துடைத்து, உள்ளே கொண்டுவந்து உன் கட்டில் ஓரம் சாய்த்திருக்கிறேன். புஷ் தேயவே இல்லை. இன்னும் ரொம்ப வருஷம் உழைக்கும்.