அப்பாவின் புதுக் கண்ணாடி

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையில் அப்பாவும் நானும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் இன்னும் அந்தக் கிருபைக்குள் வந்து சேரவில்லை. நீ சுகமா, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும், போனில் கேட்டால் எதற்கும் "ம்" என்றுதான் வருகிறது. நான் இதைக் கடிதமாக எழுத இன்னொரு காரணமும் உண்டு, போன் பேசினால் உங்கப்பா பக்கத்தில் வந்து துணி மடிப்பதுபோல நின்று காது கொடுக்கிறார். பாட்டுக்குழுப் பெண் அனுப்பிய போட்டோவில் அப்பா கண்ணாடி போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு நீ பதறியடித்துக்கொண்டு, லிஃப்ட் மெக்கானிக்குக் கண் மங்கினால் என்னம்மா ஆகிறது, உடனே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், வேலையை விடச் சொல்லுங்கள் என்று அழாத குறையாகக் கேட்டாய். அழவேண்டாம். அப்பாவின் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை. ஆனால் அந்தக் கண்ணாடி அவர் மூக்கில் எப்படி ஏறியது என்று சொல்ல, நம்ம ஆள் மேயர் ஆனதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அவசரப்படாமல் படி.

நம்ம ஆள் என்றால் உனக்குத் தெரியும், நம்ம சபையில் ஞாயிறு பள்ளி படித்து, நம்ம பாட்டுக்குழுவில் ஸ்ருதியைக் கண்ணில் காட்டாமல் பாடி, அப்புறம் அரசியலுக்குப் போய் நல்ல சட்டை போட ஆரம்பித்தாரே, அவர்தான். அவர் ஜெயித்த அன்றைக்கு நம்ம சபையார் பட்ட சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும், பரலோக ராஜ்யத்துக்கு இத்தனை காலம் காத்திருந்தது வீண், பக்கத்துத் தெருவிலேயே ஆபீஸ் திறந்துவிட்டார்கள் என்பதுபோல இருந்தது. சபைத் தலைவர் பேங்க்காரர் கேக் வெட்டினார். இனிமே நம்மள ஒருத்தன் அசைக்க முடியாது என்றார். இதுவரை யார் அசைத்தார்கள் என்று நான் யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. இத்தனை வருஷமாக வேறு மதத்துக்காரர்கள்தான் ஆண்டார்கள், நம்ம கோவில் கட்ட அனுமதி கொடுத்த இன்ஜினியருக்கு எந்தச் சாமி மேலும் நம்பிக்கை கிடையாது, சாக்கடை எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் கேட்டுவிட்டு முத்திரை குத்தினார். ஆண்டவரைச் சிலுவையில் அறைந்ததே ஒரு கவர்னர் உத்தரவில்தானே, ஆட்சிக்காரர்கள் விஷயத்தில் நாம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா என்று வீட்டில் சொன்னேன். நீ எல்லாத்துலயும் ஒரு குத்தல் வெச்சிருப்ப என்று அப்பா சொல்லிவிட்டு, நம்ம ஆளுக்கு வரவேற்புப் பேனர் கட்ட ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். சபைச் செயலாளர் அல்லவா. என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம், உங்க பொண்ணுக்கு என்னங்க, அங்க எப்பவுமே நம்ம ராஜ்யந்தானே என்கிறார்கள். கடல் தாண்டி நீ இருக்கிற அந்த ராஜ்யத்தில், வேதப் புத்தகத்தில் கை வைத்துப் பதவி ஏற்கிறவர்கள் ஊரில், உன் முகத்தைப் பார்த்ததும் வீடு வேறு ஆளுக்கு வாடகைக்குப் போய்விட்டது என்று எத்தனை பேர் கதவைச் சாத்தினார்கள் என்பதையும், கடைசியில் அறை கொடுத்த அம்மா நம்ம சாமியைக் கும்பிடாதவர் என்பதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நம்பமாட்டார்கள், நம்பினாலும் நீ ஏதோ தப்புச் செய்திருப்பாய் என்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆராதனையில் ஆளுகிறவர்களுக்கான ஜெபத்தை நான்தான் வாசிக்கிறேன் என்பது உனக்குத் தெரியும், நீ பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து அதே ஜெபம். நாம் கோவில் கட்டுவதற்கு முன்னால், பெயின்ட் கிடங்கின் மாடியில் வாடகைக்குக் கூடிக்கொண்டிருந்தபோது, எப்போது காலி பண்ணச் சொல்வார்களோ என்ற பயத்தில் பழைய போதகர் எழுதியது. ஆளுகிறவர்கள் மனம் பெருமை கொள்ளாதபடிக்கும், பலம் இல்லாதவர்கள் கூடுகிற இடத்தை அவர்கள் பறித்துக்கொள்ளாதபடிக்கும் அவர்கள் கையைத் தடுத்தருளும் என்று வரும், உடனே சபை முழுக்க எங்கள் ஜெபத்தைக் கேளும் கர்த்தாவே என்று சொல்லும். இப்போது ஆளுகிறவர் நம்ம ஆள், அவர் கையை எதற்குத் தடுக்க வேண்டும் என்று சபைக் கமிட்டி புது ஜெபம் எழுதியது. எங்களில் ஒருவரை உயர்த்தினீரே, அவர் சத்துருக்களைத் தாழ்த்தும், அவர் கையைப் பலப்படுத்தும் என்று ஒரு பக்கம். நம்ம ஆள் நன்றி சொல்ல வருகிற ஞாயிறு அன்றைக்கு அதைத்தான் நான் வாசிக்க வேண்டும். நானும் வாசிக்கத்தான் போனேன். மைக் முன்னால் நின்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டால் கடைசி வரிசையில் தூங்குகிற தாத்தாவின் மூக்குத் துவாரம் வரை தெரிகிறது, கையில் இருக்கிற காகிதம் மட்டும் தெரியவில்லை. தூரப் பார்வைக் கண்ணாடியை எடுத்து வந்திருக்கிறேன். கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கிறவளுக்கு வரவேண்டிய வினையா இது! கடையில் இரண்டுக்கும் ஒரே மாதிரி பிரவுன் பெட்டி, அதுதான் மோசம் பண்ணியது. எல்லாரும் எழுந்து நின்று காத்திருக்கிறார்கள், என் வாய் தன்பாட்டுக்குப் பழகின பாதையில் போய்விட்டது. ஆளுகிறவர்கள் மனம் பெருமை கொள்ளாதபடிக்கும் என்று ஆரம்பித்து, பறித்துக்கொள்ளாதபடிக்கு அவர்கள் கையைத் தடுத்தருளும் என்று முடித்தபோதுதான் முன் வரிசையில் பேங்க்காரர் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்தேன், தூரக் கண்ணாடியில் அது நன்றாகவே தெரிந்தது. ஆனால் சபை சும்மா இருக்குமா, பழக்க தோஷம், கூரை அதிர எங்கள் ஜெபத்தைக் கேளும் கர்த்தாவே என்றது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னது நம்ம ஆள்தான், ஞாயிறு பள்ளியில் படித்தது எங்கே போகும்.

அதோடு போயிருந்தால் எனக்குத் திட்டு விழுந்ததோடு முடிந்திருக்கும். டீ குடிக்கும்போது நம்ம ஆள் போதகரை ஓரமாகக் கூட்டிப்போய், உங்களுக்கு யார் சொன்னது, இன்னும் பேப்பர்லயே வரலையே என்று கேட்டாராம். போதகர் பாவம், ஒன்றும் புரியாமல் எல்லாம் கர்த்தர்தான் சொன்னார் என்கிறமாதிரி மேலே பார்த்திருக்கிறார். அப்புறம்தான் பூனைக்குட்டி வெளியே வந்தது. நம்ம கோவில் தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள், அதற்கு நம்ம மதிலையும் முன்வாசலையும் எடுத்துக்கொள்வது என்று நம்ம ஆள் ஏற்கனவே தீர்மானித்து வைத்திருந்தார். நம்ம சபை என்மேல கேஸ் போடாது, எனக்கும் பாரபட்சம் இல்லாதவன்னு பேர் வரும் என்பது அவர் கணக்கு. என் ஜெபத்தைக் கேட்டு விஷயம் கசிந்துவிட்டது என்று நினைத்து அவரே கக்கிவிட்டார். வேறு மதத்துக்காரர் மேயராக இருந்தால் நம்ம மதிலைத் தொட நூறு தடவை யோசித்திருப்பார். கையோடு நம்ம ஆளே ஒரு வழியும் சொன்னார். ரோட்டை எதிர்ப்பக்கம் வளைத்துவிடலாம், எதிர்ப்பக்கம் இருப்பது கண்ணாடிக்கடைக் கட்டடம், அதன் மாடியில் தொழுகை நடக்கிறதாமே, அனுமதி இல்லாமல் கூட்டம் கூடுகிறது, சத்தம் தாங்கவில்லை என்று நம்ம சபையிலிருந்து ஒரு மனு மட்டும் வந்தால் கட்டடத்தைக் காலி பண்ணுவது சுலபம், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

நான் வேலை பார்க்கிற கடை அது. எனக்குச் சம்பளம் கொடுக்கிற பாய் அதே மாடியில்தான் தொழுகிறார், அவரோடு தையல்காரர், பஸ் டிரைவர், மருந்துக்கடைப் பையன்கள் என்று ஒரு முப்பது பேர். கமிட்டி ஒரே நாளில் மனு எழுதிவிட்டது. பேங்க்காரருக்கு அதில் சங்கடமே இல்லை, நமக்கு ஆபத்துன்னா நாமதானே பாத்துக்கணும், அவங்களுக்கு ஆயிரம் இடம் என்றார். பெயின்ட் கிடங்கு மாடிப்படியில் அந்தக் காலத்தில் உட்காரக் கோரைப்பாயைச் சுருட்டிக்கொண்டு ஏறினவர்களில் அவரும் ஒருவர். மனுவில் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும், அதாவது உங்கப்பா. அவர் ஏற்கனவே ஜெபத்தைக் கெடுத்ததற்காக என்னோடு இரண்டு நாளாகப் பேசவில்லை. மனுவை மேஜைமேல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சண்டை போடவில்லை. மாடியிலிருந்து சத்தம் தாங்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மாடிக்கு நேர் கீழே பகல் முழுக்க உட்கார்ந்து ஃபிரேமுக்குத் திருகாணி போடுகிறவள் நான், என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா, படியில் செருப்பு கழற்றுகிற சத்தம்தான் எனக்குக் கேட்கும் என்று மட்டும் சொன்னேன். அவர் அடுத்த செருப்பை எடுத்துத் துடைத்தார். உங்கப்பாவை உனக்குத் தெரியும், எந்த லிஃப்ட்டுக்கும் தானே ஏறி இறங்கிப் பார்க்காமல் சரி என்று கையெழுத்துப் போடமாட்டார், ஒரு மாடி உயரத்திலிருந்து கம்பி வடத்தில் ஒற்றைப் பிரி அறுந்திருந்தால் கண்டுபிடித்துவிடுவார். அந்த மனுஷன் இதற்குக் கையெழுத்துப் போட்டுவிடுவாரோ என்று ராத்திரி இரண்டு தடவை எழுந்துபோய் மேஜைமேல் அந்த மனுவைப் பார்த்தேன். போட்டிருந்தால் நான் அவரோடு இருந்திருப்பேன்தான், ஆனால் அவர் முகத்தை எப்படிப் பார்த்திருப்பேன் என்று தெரியவில்லை.

கமிட்டியில் நடந்ததைப் போதகர் மனைவி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். பேங்க்காரர் பேனாவைத் திறந்து கையிலேயே கொடுத்திருக்கிறார். அப்பா மனுவைக் கிட்டக் கொண்டுபோனாராம், எட்டப் பிடித்தாராம், சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தாராம். அப்புறம் எழுத்தெல்லாம் கலங்கித் தெரியுது, கண்ணாடி இல்லாம படிக்க முடியாது, படிக்காததுல கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்ல என்றாராம். நீங்க எப்பங்க கண்ணாடி போட்டீங்க என்று பேங்க்காரர் கேட்க, இனிமேதான் போடணும், வயசாகுதில்ல என்றாராம். நான் வாசிச்சுக் காட்டுறேன் என்று பேங்க்காரர் விடாமல் கேட்டதற்கு, அடுத்தவங்க சொல்லைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டா லிஃப்ட் அந்தரத்துலதான் நிக்கும் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டார். முடியாது என்று நேராகச் சொல்லியிருக்கலாம். கூடவே கோவில் கட்டச் செங்கல் சுமந்தவர்கள் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, எனக்கு அதில் கொஞ்சம் கோபம்தான். ஆனால் போதகர் மனைவி அவர் சட்டைப் பையைத் தட்டினதை நடித்துக் காட்டினபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, அடுப்பில் வைத்த பால் பொங்கிப்போனதுகூடத் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு ஆசையாக அவரை நான் நினைத்ததில்லை, இதை அவரிடம் சொல்லித் தொலைக்காதே.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே, மறுநாள் காலையிலேயே கடைக்கு வந்துவிட்டார். பாய் உட்கார வைத்துப் பார்த்தார். தூரத்துப் போர்டில் கடைசி வரி வரை படித்துவிட்டு, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரையும் படித்தார் உங்கப்பா, பொய் சொல்ல வந்தவர் என்பது மறந்துவிட்டது. கிட்டத்து அட்டையையும் அப்படியே கடகடவென்று ஒப்பித்தார். இந்த வயசுல இப்படி ஒரு கண்ணா, இதுக்குக் கண்ணாடி போட்டாப் பாவம்ணே என்றார் பாய். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, பரவாயில்ல, ஒண்ணு குடுங்க என்றார். பாய் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பவர் இல்லாத கண்ணாடி ஒன்றை நல்ல ஃபிரேமாகப் பார்த்து எடுத்து, தானே காதில் மாட்டிச் சரிபார்த்துவிட்டு, கமிட்டிக்குப் போறப்ப மறக்காம போட்டுக்கங்கண்ணே என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனு விஷயம் அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அத்தனை நாளும் பதினொரு மணிக்கு எனக்கு டீ சொன்னார், முழங்கால் எப்படி இருக்குக்கா என்று கேட்டார். அன்றைக்கு மத்தியானம் வரை என்னால் ஒரு திருகாணியைக்கூட நேராகப் போட முடியவில்லை.

இப்போதைய நிலவரம் இதுதான். மனு போகவில்லை. நம்ம மதிலில் சிவப்புப் பெயின்ட்டில் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், அதுவரைக்கும் இடிப்பார்களாம், மாதுளைச் செடி போய்விடும், வண்டி நிறுத்த இடம் இருக்காது. பாய் தன் கடை முன்னால் ஞாயிற்றுக்கிழமை நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அடுத்த பொதுக்கூட்டத்தில் அப்பாவைச் செயலாளர் பதவியிலிருந்து இறக்கிவிடுவார்கள், கண் தெரியாதவர் எப்படிச் செயலாளராக இருப்பது என்று காரணமும் தயார். நம்ம ஆள் இந்தத் தெருப் பக்கமே வருவதில்லை, வந்தாலும் கார் கண்ணாடி ஏற்றியே இருக்கிறது. ஜெபத்தைக் கெடுத்ததற்காக என்னை இனி வாசிக்க வேண்டாம் என்று நிறுத்தியிருந்தார்கள், சிவப்புக் கோட்டைப் பார்த்த மறுநாள் பேங்க்காரரே வீட்டுக்கு வந்து, அந்தப் பழைய ஜெபத்தையே கொஞ்ச நாளைக்கு வாசிங்கம்மா, அதுல இடத்தைப் பறிக்காதபடிக்குன்னு நல்லா வருது என்றார். வாசிக்கிறேன், சரியான கண்ணாடியோடு. அந்த வரி வரும்போது நான் எந்த இடத்தை நினைத்துக்கொள்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மதில் போவதில் அப்பாவுக்கு வருத்தம் உண்டு, அவர் கட்டின மதில். ஆனாலும் அந்தப் பவர் இல்லாத கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டாம் வரிசையில் நின்று, ஜெபத்தைக் கேளும் கர்த்தாவே என்று இப்போது அவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்கிறார்.

உனக்கு அறை கொடுத்த அம்மாவை நாங்கள் கேட்டதாகச் சொல், அவருக்கு ஒரு நல்ல சால்வை வாங்கிக் கொடு, நாங்கள் கொடுத்ததாகவே கொடு. கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காத்து, நல்ல மனுஷர்கள் நடுவில் உன்னை வைக்கட்டும், அவர்கள் யாரைக் கும்பிட்டாலும் சரி. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இங்கேயிருந்து யார் போன் பண்ணிக் கேட்டாலும், ஆமாம், அப்பாவுக்குக் கொஞ்ச நாளாகவே எழுத்து சரியாகத் தெரிவதில்லை என்று சொல்லிவிடு. பொய் சொன்னதற்காகச் சின்ன வயதில் உன்னை அடித்தவள் நான்தான், ஆனாலும் இதை வாய் கூசாமல் சொல்லு.

என்றும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா