ஏழு பேருக்கு ஓர் அளவு ஊசி

ஆராய்ச்சி உலகத்தைத் தனியாளாகத் தூக்கி நிறுத்திக்கொண்டிருக்கும் எங்கள் வீட்டு வாண்டுக்கு,

உன் சித்தப்பா எழுதுகிறேன். நானும் உன் சித்தியும் உடம்பில் தெம்பும் வாயில் பேச்சும் குறையாமல் இருக்கிறோம், நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நான் நம்புகிறேன், உன் சித்தி மட்டும் உன் கையெழுத்தைப் பார்த்தால்தான் நம்புவாளாம். அவளுடைய முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் மொட்டைமாடித் துணியெல்லாம் இப்போது என் ராஜாங்கத்தில் சேர்ந்துவிட்டது. சமையலறைக் குழாய் ஒழுகியது, ஆளைக் கூப்பிடலாம் என்று அவள் கெஞ்சினாள், நானிருக்கக் கவலை ஏன் என்று நானே உட்கார்ந்து சரிசெய்தேன், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. உன் அப்பா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். அவன் போனபிறகு உன்னைத் திட்டுகிற வேலையையும் சேர்த்து நான்தான் பார்க்கிறேன், ஆனால் போன கடிதத்தில் நீ என்னைத் திட்டியிருந்தாய். அந்தத் திட்டு நியாயமானது. அதிலிருந்து என்னென்ன நடந்தது என்று சொல்லத்தான் இந்த மகா காகிதம்.

நீ திட்டியது எதற்கென்று உனக்கே மறந்திருக்கும், ஒரு நாளைக்கு எத்தனை பேரைத் திட்டுகிறாயோ. ஓய்வு பெற்ற பிறகு நான் ஊசி வேன் ஓட்டுகிறேன் அல்லவா, பஸ் பணிமனைக்குப் பின்னால் வாரத்துக்கு மூன்று நாள் நான்கு மணிக்கு நிறுத்துவோம், போதை ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் வந்து பழைய சிரிஞ்சைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கிக்கொண்டு போவார்கள், எச்.ஐ.வி. இருக்கிறவர்களுக்கு நர்ஸம்மா மாத்திரையும் கொடுப்பார். நர்ஸம்மாதான் அங்கே எல்லாம், நான் சாரதி, சேமிப்புக்கிடங்கு மந்திரி, வாய் ஓயாத வானொலி. மூன்று மாதம் முன்னால் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது, புதிதாகத் தொற்று வந்த ஏழு பேருடைய கிருமியும் ஒரே கிளை, ஒன்றுக்கொன்று அவ்வளவு நெருக்கம் என்று, பேரெல்லாம் இல்லை, நம்பர்தான். நர்ஸம்மா அதை மடித்து வைப்பதற்குள் நான் படித்துவிட்டேன். படித்ததோடு நிறுத்தினேனா, வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, நீங்கள் ஏழு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாமே, சொத்துத் தகராறு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு ஜோக் அடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஏழு பேர் யார் யார் என்று அவர்களுக்குள் தெரியாதா, மாத்திரை வாங்குகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்புறம்தான் எனக்கு ஆவல் தாங்காமல் உனக்கு எழுதினேன், கிருமிக்கெல்லாம் வம்சாவளி போடுகிறீர்களே, அதில் முதல் குற்றவாளி யார் என்று தெரியுமா என்று. நீ எழுதினாய், கிருமி தன்னைத் தானே பிரதி எடுக்கும்போதெல்லாம் சின்னச் சின்னப் பிழை விடும், ஒரே மாதிரிப் பிழை இருந்தால் இரண்டும் நெருங்கிய உறவு, ஆனால் யார் யாருக்குக் கொடுத்தது என்பதை அந்த மரம் சொல்லாது, நடுவில் நமக்குத் தெரியாத ஆள் இருக்கலாம், குற்றவாளி என்ற சொல்லை இனி உபயோகித்தால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று. மூன்று தடவை படித்தேன். மூன்றாம் தடவைதான் மண்டையில் ஏறியது, எப்படி என்றால், உன் அப்பா ஒரு வருஷம் தேங்கி என் வகுப்புக்கே வந்திருந்தான், அந்த ஒன்பதாம் வகுப்புப் பரீட்சையில் நானும் அவனும் ஒரே கேள்விக்கு ஒரே தப்பை எழுதினோம், உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றாத தப்பு, சூரியனிலிருந்து பூமி நாற்பது மைல் என்று. வாத்தியார் இரண்டு பேரையும் நிற்கவைத்து யார் யாரைப் பார்த்து எழுதியது என்று ஒரு மணிநேரம் விசாரித்தார். கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நாங்கள் இரண்டு பேருமே முன் பெஞ்சுக்காரனைப் பார்த்து எழுதியிருந்தோம், அவன் அன்றைக்குச் சுரம் என்று வீட்டுக்குப் போய்விட்டான். உன் மரமும் அதுதானே, நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று எழுது. புரிந்திருந்தால் எனக்கு ஒரு டாக்டர் பட்டத்துக்குச் சிபாரிசு செய்.

ஆனால் எனக்குப் புரிவதற்குள் இங்கே காரியம் கெட்டுவிட்டது. அந்த ஏழு பேரில் ஒருவர் பெயின்டர். வெளியூரிலிருந்து ஒன்றரை வருஷம் முன்னால் வந்தவர், சுவரில் பழைய சாயத்தைப் பார்த்தே பக்கத்தில் நிற்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாதபடி புதுச் சாயம் கலந்துவிடுவார், அப்படி ஒரு கண். இன்னொருவர் கொத்தனார், எல்லாவற்றுக்கும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பவர். கொத்தனார்தான் சொன்னாராம், நாம எல்லாம் இங்கேயே கிடந்தவங்க, வெளியிலிருந்து வந்தது யாரு என்று. அவ்வளவுதான். அவர்கள் எல்லோரும் சேர்ந்து தங்கியிருந்த ஷெட்டிலிருந்து பெயின்டருடைய பாயும் பெட்டியும் வெளியே வந்துவிட்டன. அவர் அவற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். அதற்கப்புறம் வேனுக்கும் வரவில்லை, மாத்திரைக்கும் வரவில்லை. நர்ஸம்மா வேன் நிற்கிற நாளெல்லாம் அவருடைய அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார், என்னைப் பார்க்கமாட்டார். அந்த மாத்திரை விடாமல் போட்டால்தான் ஆள் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா. நீ நினைப்பாய், சித்தப்பா ஜோக் அடிக்கிறவர் சாப்பிடாமல் இருக்கமாட்டார் என்று, சாப்பிட்டேன், ஆனால் உன் சித்தி ஏன் உப்பு கேட்கவில்லை என்று கேட்டாள், அன்றைக்கு அவள் உப்பே போடவில்லையாம்.

இதற்குள் என்னை இன்னொரு கேள்வி குடைந்தது. ஊசி நாம் கொடுக்கிறோம், அவரவர் ஊசியை அவரவர் வைத்திருக்கிறார்கள், கொத்தனார் தன் சிரிஞ்சில் சிவப்பு நூல் கூடக் கட்டியிருப்பார் மாறிப் போகாமல் இருக்க. அப்படியிருக்கக் கிருமி எந்த வழியாக ஏழு பேருக்கும் போனது. பூட்டின வீட்டில் திருட்டு நடந்த மாதிரி. பதில் தானாக வந்து நின்றது, உதடு வீங்கின கொத்தனார் உருவத்தில். பெயின்டர் போய் மூன்று வாரம் இருக்கும். என்னய்யா சுவர் இடித்துவிட்டதா என்றேன், இல்லண்ணே, பங்கு பிரிக்கிறதுல அடிதடி என்றார். முன்னெல்லாம் அடிதடி இல்லையே என்றேன். முன்னே பெயின்டர்தானே அளப்பாரு, அவரு கை தராசு மாதிரி, போகும்போது அந்த அளவு ஊசியையும் எடுத்துட்டுப் போயிட்டாரு என்றார்.

அளவு ஊசியா என்றேன். ஆமாண்ணே, சேர்ந்து வாங்குற தூளைக் கரைச்சு அந்தச் சின்ன ஊசியால அளந்து எங்க எங்க சிரிஞ்சுல விடுவாரு, கூடிப்போனா எங்க சிரிஞ்சிலேர்ந்து திரும்ப எடுத்துக்குவாரு, ஒரு கோடு பிசகாது என்றார். நர்ஸம்மாவுக்கும் எனக்கும் அப்போதுதான் விளங்கியது. காலையில் குத்தின சிரிஞ்சையேதான் சாயங்காலமும் நீட்டுவார்கள், அந்த ஒரு சின்ன ஊசி ஏழு சிரிஞ்சுக்குள்ளும் போய்ப் போய் வந்திருக்கிறது. எல்லோரும் தங்கள் ஊசியை உயிர் போல் காப்பாற்றிக்கொண்டு, நடுவில் ஒன்றைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். அதை யாரும் ஊசி என்றே நினைக்கவில்லை, அது யாரையும் குத்தவில்லை அல்லவா, அவர்களுக்கு அது ஓர் அளவுகோல்.

ஏன் அய்யா உங்கள் சிரிஞ்சிலேயே கோடு இருக்கிறதே அதில் அளக்கக்கூடாதா என்று நர்ஸம்மா கேட்டார். கொத்தனார் என்னைப் பார்த்தார். இந்தப் புது சிரிஞ்சுல கோடு ரோட்டுக் கோடு மாதிரி தள்ளித் தள்ளி இருக்கு, இதுல எங்கே பங்கு பிரிக்கிறது, பழைய சின்ன சிரிஞ்சுதான் சரியா இருந்துச்சு என்றார். மகளே, அந்தப் பெரிய சிரிஞ்சைக் கிடங்கிலிருந்து தேர்ந்தெடுத்து வந்தது யார் என்று நினைக்கிறாய். போன வருஷம் கிடங்குக்காரர் இரண்டு பெட்டியைக் காட்டி எது வேண்டும் என்றார், நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு பெரிசுதான் நம்ம வேனுக்கு அழகு என்றேன். யாரையும் கேட்கவில்லை. எனக்கு எல்லாமே பெரிதாக இருக்கவேண்டும், உனக்குத்தான் தெரியுமே, உன் கல்லூரிப் படிப்புக்கு நான் வாங்கித் தந்த பெட்டி எந்த ரயில் வாசலிலும் நுழையவில்லை.

மறுநாள் முழுக்கத் தேடி, ஒரு சரக்குக் கிடங்கின் வெளிச்சுவரில் ஏணிமேல் பெயின்டரைக் கண்டுபிடித்தேன். கீழேயிருந்து கழுத்து வலிக்க எல்லாவற்றையும் சொன்னேன், காகிதத்தைப் படித்து உளறியது, சிரிஞ்சு எடுத்தது, அளவு ஊசி. அவர் பிரஷ்ஷை நிறுத்தவேயில்லை. மாத்திரை எத்தனை நாளாய்ப் போடவில்லை என்றேன். மூணு வாரம், எல்லாருக்கும் கொடுத்தவனுக்கு எதுக்கு மாத்திரை என்றார். அப்போது நீ எழுதியதைச் சொன்னேன், யார் யாருக்குக் கொடுத்தது என்று மரத்துக்குத் தெரியாது, கொத்தனாருக்கும் தெரியாது என்று. அப்ப நான் இல்லையா என்றார். இல்லை என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது, நான் சொல்லாத பொய்யா. ஆனால் உன் முகம் ஞாபகம் வந்தது. அது நீங்களாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அது யாருக்கும் தெரியப்போவதில்லை, பெரிய சிரிஞ்சு எடுத்தவன் யார் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும் என்றேன். அவர் இறங்கி வந்து பெயின்ட் பெட்டியைத் திறந்தார். ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி அந்தச் சின்ன சிரிஞ்சு. ஒவ்வொரு தடவையும் எல்லார் முன்னாடியும் கழுவித்தானே வெச்சேன் என்றார். எந்தத் தண்ணீரில் என்று நான் கேட்கவில்லை. அவரே யோசித்துவிட்டார், எல்லோரும் சிரிஞ்சு கழுவுகிற அந்த ஒரே டம்ளர் தண்ணீர்தான். சிரிஞ்சைத் துணியில் திரும்பச் சுற்றிக்கொண்டே, பெருசுதான் அழகுன்னு பஸ்ஸை எடுத்துட்டு வராம வேனோட விட்டீங்களே என்றார். அந்த அவமானத்தை நான் நெஞ்சாரப் பெற்றுக்கொண்டேன்.

அன்றைக்கே நம் சிரிஞ்சுக் கிடங்குக்குப் போய்ச் சின்ன சிரிஞ்சுப் பெட்டிகளாக மாற்றினேன், தூளைக் கலக்கிற மூடியும் தண்ணீர்க் குப்பியும் ஆளுக்கு ஒன்று தனியாக. அடுத்து வேன் நின்ற சாயங்காலம் வரிசையின் முன்னால் நின்று, சிரிஞ்சை மாற்றியது நான், உளறியது நான், திட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக வரலாம் என்றேன். என் வாழ்நாளிலேயே நான் பேசிய மிகச் சின்னப் பேச்சு. கொத்தனார் மட்டும், அண்ணே அப்ப வெளியூர்க்காரரு என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அதற்கடுத்த தடவை பெயின்டர் வந்தார். வரிசையின் கடைசியில், எல்லோரையும்விட இரண்டு கஜம் தள்ளி நின்றார். யாரும் அழைக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை, கொத்தனார் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் விட்டதால் ரத்தம் ஒரு தடவை பார்த்துவிடலாம், மாத்திரை இன்றைக்கே ஆரம்பியுங்கள் என்று சொல்லி நர்ஸம்மா அட்டையை எடுத்தார். பெயின்டர் அங்கேயே நின்று மாத்திரையை முழுங்கினார். பிறகு புதுப் பெட்டியிலிருந்து ஒரு சிரிஞ்சை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, சாயம் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோடுகளைப் பார்த்தார். கோடு சரியா இருக்கு, அவங்கவங்க அளந்துக்கலாம், இனிமே நான் யாருக்கும் அளக்கமாட்டேன் என்றார். கொத்தனார் ஓரடி நகர்ந்தார், நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் விழுந்தது. பெயின்டர் உடனே வந்து நிற்கவில்லை. என்னிடம் தண்ணீர் கேட்டார், குடித்தார், பாட்டிலை மூடினார், அப்புறம் போய் நின்றார். ஷெட்டுக்குத் திரும்பினாரா என்றால் இன்னும் இல்லை, சாயம் அடிக்கிற அந்தச் சரக்குக் கிடங்கிலேயே படுக்கிறார். மாத்திரை மட்டும் இரண்டு வாரமாக ஒரு நாள் தவறவில்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, உன் சித்தி இதை மூன்று தடவை எழுதச் சொன்னாள், ஒரு தடவை எழுதிவிட்டேன், மீதி இரண்டை நீ சேர்த்துக்கொள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி. எட்டுத் திக்கும் உன் பேர் சொல்லும்படி நீ நீண்டகாலம் நன்றாயிருக்கவேண்டும், எட்டு போதாவிட்டால் நான் இன்னும் இரண்டு திக்குக்கு ஏற்பாடு செய்கிறேன். ஒன்றை மறக்காதே. உங்கள் மரத்தில் ஒவ்வோர் ஆளையும் ஒரு வண்ணப் புள்ளியாக வைப்பீர்கள் என்று நீ எழுதியிருந்ததைப் பெயின்டரிடம் சொன்னேன். அவர் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, தன்னுடைய புள்ளிக்கு என்ன வண்ணம் அடித்திருக்கிறார்கள், மற்ற ஆறு பேருக்கும் அதே வண்ணம்தானா என்று உன்னிடம் கேட்கச் சொன்னார். அந்தக் காகிதம் உன் கூடத்திலிருந்து வந்ததில்லை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. பதில் எழுது, காத்துக்கொண்டிருக்கிறார்.

பெரிய சிரிஞ்சின் முன்னாள் சக்கரவர்த்தி, இந்நாள் வெறும் வேன் டிரைவர்,
உன் சித்தப்பா