காணாமல் போன ஒன்பது அங்குலம்

ஜீப்காரா,

உன் பெட்டி இப்போது என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. ஜீப்பை வாங்கிப் போனவர் பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். “நீங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்சது, நீங்களே வச்சிக்கோங்கண்ணா” என்று உன் மனைவி போன வாரம் குட்டியானை வேனில் ஏற்றிக் குன்றத்தூருக்கு அனுப்பிவிட்டாள். இறக்கி வைத்ததும் வீடெங்கும் பைன் மர வாசனை, கூடவே டீசல் நெடி. நீ பக்கத்தில் வந்து நின்றது போலவே இருந்தது. சந்தேகப்பட்டுத் திரும்பியும் பார்த்தேன்.

என் குணம் உனக்குத் தெரியாதா? பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். கடைக்காரர் தட்டிக் காட்டிய தேங்காயை நானும் ஒரு முறை தட்டுவேன். ஒரகடத்துத் தொழிற்சாலையின் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவனுக்குக் கண் அப்படித்தான் ஆகிவிடும். நல்ல பீஸுக்குப் பச்சை அட்டை, ஒதுக்கியதற்குச் சிவப்பு, சந்தேகமானதற்கு மஞ்சள். மஞ்சள் அட்டையில் மேலே காரணம் எழுத வேண்டும், கீழே முடிவு. அளவு தப்பியிருந்தாலும் வேலைக்கு ஆகும் என்றால், பொறுப்பேற்கிற ஒருவர் அந்தக் கீழ்க்கட்டத்தில் ‘டீவியேஷன்ல ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். குறை தெரிந்தே ஏற்றுக்கொள்கிறோம் என்று அர்த்தம். சரக்குத் தூக்கும் உன் ஃபோர்க்லிஃப்டை என் மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, “மனுசனுக்கும் இந்த அட்டை கீதா அண்ணாச்சி?” என்று நீ கேலி செய்வாய்.

பெட்டி செய்யும் யோசனை உன்னுடையது. விடுமுறை நாளில் ஜீப்பை ஏரிச் சேற்றில் இறக்கி ஏற்றுவதுதான் உனக்குப் பொழுதுபோக்கு. ஒவ்வொரு குலுக்கலுக்கும் கயிறும் ஜாக்கியும் ஸ்டவ்வும் பின்னால் உருண்டு என் காலில் வந்து விழும். இரண்டு டிராவர் வைத்த பெட்டி ஒன்று அடித்துப் பின்பக்கம் போல்ட் போட்டுவிடலாம் என்றாய். வாலாஜாபாத் போகிற வழியில் இருக்கும் காயலான் கடையில் இயந்திரங்கள் வந்திறங்கிய பைன் மரப் பெட்டிகளின் பலகைகள் கிடந்தன. நான் பலகையைப் புரட்டிப் புரட்டி, எந்தக் கம்பெனி முத்திரை இருக்கிறது என்று பார்த்தேன். “இதெல்லாம் முறையா வெளிய வந்ததுதானாடே?”

“இன்னா அண்ணாச்சி, பலகைக்குக் கூட கேட் பாஸ் கேப்பியா?” என்று நீ சிரித்தது கடைக்காரருக்கும் கேட்டது.

படப்பையில் உன் வீட்டுத் தகரக் கொட்டகையில் நான்கு ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. நான் அளந்தேன், நீ அறுத்தாய். முடிந்ததும் பழக்க தோஷத்தில் டேப்பை நீட்டினேன். பெட்டியின் வெளி நீளம் முப்பத்து மூன்று அங்குலம். டிராவர் இருபத்து நான்கு.

“என்னடே இது, ஒம்பது இஞ்சு எங்க போச்சு?”

“டிராவர் ஓடுற சேனல் ரெண்டடிதான் கெடச்சுது. பின்னாடி சும்மா கீது, வுடு.”

நான் விடுவேனா? மறுநாள் ஹார்டுவேர் கடைக்குப் போய் விசாரித்தேன். முப்பது அங்குல சேனலும் அடுக்கி வைத்திருந்தார்கள். அடுத்த ஞாயிறு ஒரு மஞ்சள் அட்டையைக் கொண்டுவந்து உன் பெட்டியின் கைப்பிடியில் கட்டினேன். காரணம்: உள்ளளவு ஒன்பது அங்குலம் குறைவு. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் சிரித்தேனே தவிர, மனசுக்குள் சிரிக்கவில்லை.

அந்த மாதம்தான் என் மேஜையிலிருந்து டயல் கேஜ் காணாமல் போனது. உள்ளங்கை அளவு அளவுமானி, கடிகாரம் மாதிரி இருக்குமே, அதுதான். ஆடிட் நெருங்கிக்கொண்டிருந்தது. யார் மேலாவது சந்தேகம் இருக்கிறதா என்று சூப்பர்வைசர் கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். “ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவரு ஜீப்புல பொட்டி ஒண்ணு இருக்கு சார். அதையும் ஒருக்கா பாருங்க” என்றேன். சொன்னது நான்தான். உயிரோடு இருந்த உன்னிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஷிஃப்ட் விடுகிற நேரம், பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் முழுக்கப் பார்க்க, கேட்டில் உன் ஜீப்பை நிறுத்தினார்கள். இரண்டு டிராவரையும் திறந்து கொட்டினார்கள். கயிறு, ஸ்டவ், ஊறுகாய் பாட்டில், ஈரத் துண்டு. நீ குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து உள்ளே வைத்தாய். நான் வரிசையில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் மறைந்து நின்றேன். அந்த ஒன்பது அங்குலத்தைப் பற்றி மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அதை நட்பு என்று நினைத்துக்கொண்டேன், வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் டீ குடிக்கும்போது நீ சொன்னாய்: “செக்யூரிட்டிங்க டேப் எடுத்துகினு வந்திருந்தா மாட்டிகினு இருப்பேன் அண்ணாச்சி.” சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை அளந்துகொண்டிருக்கிறேன். தெரிந்து சிரித்தாயா, தெரியாமலா?

பத்து நாள் கழித்து டயல் கேஜ் கிடைத்தது. அளவு சரிபார்க்க வெளியே போயிருந்ததாம், வேறு நம்பரில் பதிவாகியிருந்ததாம். நான் சூப்பர்வைசரிடம் சொல்லி முடித்துக்கொண்டேன். உன்னிடம் வரவில்லை. செக்யூரிட்டிக்கு யாரும் சொல்லாததால் உன் ஜீப்பை அவர்கள் தினமும் நிறுத்திக்கொண்டே இருந்தார்கள்.

இரண்டு மாதத்தில் நீ போய்விட்டாய். ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம், அவ்வளவுதான். “ஒரு மாத்திர போட்டவரு இல்லண்ணா” என்று உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நேற்று டிராவர்களை முழுதாக உருவி எடுத்துவிட்டு உள்ளே டார்ச் அடித்தேன். பின்பலகையை இரண்டே ஸ்க்ரூ பிடித்திருந்தது. கழற்றினேன். பிளாஸ்டிக் கவரில் ஓர் ஆஸ்பத்திரி ஃபைல், உன் பேரில். இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று எழுதியிருந்தது. பக்கத்தில் மாத்திரை அட்டைகள். தெரிந்தால் ஃபோர்க்லிஃப்டிலிருந்து இறக்கிவிடுவார்கள், வீட்டில் ஜீப் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள், அதுதானே உன் பயம்? நான் திருட்டைத் தேடினேன். உனக்கு மூச்சு வாங்குவதை, ஜீப்பில் ஏறும்போது நீ ஒரு கணம் கம்பியைப் பிடித்து நிற்பதை, எதையும் பார்க்கவில்லை.

கடைசி அட்டையில் நான்கு மாத்திரைதான் எடுத்திருந்தது. மீதி அப்படியே இருந்தது. கேட்டில் தினமும் சோதனை என்றதும் பலகையைத் திறக்கவே பயந்துவிட்டாயா? இல்லை, நீயாகவே நிறுத்திவிட்டாயா? உன் மனைவியிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. சொல்லப் போனால் கேட்டில் நடந்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை படப்பைக்குப் போகிறேன்.

ஃபைலுக்கு அடியில் என் மஞ்சள் அட்டை இருந்தது. மேலே என் கையெழுத்தில் காரணம். கீழே, முடிவு எழுதும் கட்டத்தில், உன் கோணல் எழுத்து: ‘டீவியேஷன்ல ஓகே.’ கையெழுத்தும் போட்டிருக்கிறாய்.

கேட்டில் பெட்டியைக் கொட்டியதற்கு முன்னால் எழுதினாயா, பின்னால் எழுதினாயா? முன்னால் என்றால் அது பெட்டிக்கு. பின்னால் என்றால் எனக்கு. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். இப்போது அது என் ஐ.டி. கார்டுக்குப் பின்னால் இருக்கிறது, இன்று கேட்டில் காட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன். தேதி போடாத அட்டையை நான் ஏற்றுக்கொள்ளவே மாட்டேன் என்று உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் தேதியை விட்டாயா, பாவி?