நான் செத்துப்போன செவ்வாய்

ஜூன் 3, திங்கள்
ராணுவ ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குக் காயம்பட்டவர்களாகப் படுக்க ஆள் வேண்டுமாம். குடியிருப்பில் முதல் ஆளாகக் கை தூக்கினேன். என் பேத்தி அங்கே மருத்துவச் சிப்பாய். பயிற்சியில் தேறும் குழுவைத்தான் எல்லைக்கு அனுப்புவார்கள். அவள் குழுவுக்குத் தலைவி ஒரு டாக்டரம்மா, மேஜர். கீழே நாலு பேர். இவள் நாலாவது. இருந்தால் என்ன? உடுப்பு போட்டு நடந்தால் தெருவே திரும்பிப் பார்க்கிறது.

ஜூன் 4, செவ்வாய்
செத்துப்போனேன்.

தொடையில் சிவப்புச் சாயம், கழுத்தில் ஓர் அட்டை. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அஞ்சாம் வகுப்புக்காரி நானே படித்துவிட்டேன். பேத்தியும் குனிந்து படித்தாள், பார்த்தேன். மேஜர் அவசரத்தில், "பென்சிலின் குடு" என்றார். இவள் ஒரு நொடி தயங்கினாள். பிறகு வெற்று ஊசியை எடுத்து நீட்டிவிட்டாள், மேஜரும் எனக்குப் போடுவதுபோல் பாவனை செய்தார். கண்காணிக்க வந்த அதிகாரி என் கால் கட்டைவிரலில் கறுப்புச் சீட்டைக் கட்டிவிட்டுப் போனார். மூக்கு அரித்தது. பிணம் சொறியக் கூடாதே, அடக்கிக்கொண்டேன்.

வீட்டில் கேட்டேன், "படிச்சியே, ஏண்டி சொல்லலை?"

"அவங்க மேஜர், பாட்டி. பெரியவங்க சொன்னா எதிர்த்துப் பேசாதேன்னு நீதானே வளர்த்தே!"

சுருக்கென்றது. ஆமாம், நான்தான். வாயைத் திறந்தாலே முறைச்சு முறைச்சு — எம் பிள்ளைய நானே ஊமையாக்கிட்டேனா?

ஜூன் 5, புதன்
மேஜர் அவளைக் கூப்பிட்டாராம். "அட்டையை நான் பாக்கலை, அது என் தப்பு. நீ பாத்தும் சும்மா இருந்தே, அது உன் தப்பு. அடுத்த செவ்வாய் கடைசி வாய்ப்பு."

வளர்த்தவளே திருத்த வேண்டும். திருத்துவேன்.

ஜூன் 6, வியாழன்
"டீயில ரெண்டு ஸ்பூன் உப்பு போடு" என்று அதட்டினேன். போட்டுவிட்டாள்! அந்தக் கண்றாவியை முழு டம்ளரும் நானே குடித்தேன். தண்டனை எனக்கும்தானே.

ஜூன் 8, சனி
மழை கொட்டியது. "துணியை வெளியே காயப்போடு" என்றேன்.

"மழையிலயா?"

முறைத்தேன்.

"நீ எவ்வளவு முறைச்சாலும் போட மாட்டேன்."

கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "சாரல் அடிக்குது, ஜன்னலைச் சாத்து" என்றேன். ஓடிப்போய்ச் சாத்தினாள். இதுவும் வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு
எதைச் சொன்னாலும் ஏன் என்கிறாள். தாங்க முடியவில்லை. தாங்கிக்கொள்கிறேன்.

ஜூன் 11, செவ்வாய்
இந்த முறை வயிற்றில் ஒரு காயம். குழுவுக்குத் தெரியாமல் முதுகில் இன்னொன்று. சாயம் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. நான் மயங்கிக் கிடப்பவள், வாய் திறக்கக் கூடாது. மேஜர், "தூக்குங்க, கிளம்பலாம்" என்றார். மூன்று பேர் குனிந்துவிட்டார்கள்.

"மேடம், நில்லுங்க. முதுகைப் பாக்கலை."

பேத்தியின் குரல், சன்னமாகத்தான் வந்தது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"புரட்டுங்க" என்றார் மேஜர்.

பேத்தி துணியை வைத்து அழுத்திக் கட்டினாள். என்ன அழுத்து! பிறகு மேஜர் "தூக்குங்க" என்றதும் முதலில் குனிந்தவள் அவள்தான்.

உயிரோடு வீடு வந்து சேர்ந்தேன்.

ஜூன் 17, திங்கள்
காலையில் எல்லைக்குப் போகும் வண்டி வந்தது. நாலாவது ஆளாகத்தான் ஏறினாள். உள்ளே வந்து டீ போட்டேன். உப்பா, சர்க்கரையா என்று கேட்க ஆளில்லை.